ஒருத்தி வென்றால் 'குடோ', பலர் வென்றால் 'குடோஸ்' ஆகுமா?

கொருக்குப்பேட்டையில் பேனர் அச்சிடும் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் என்னிடம் ஒரு வழக்கைக் கொண்டுவந்திருக்கிறார். அவர் தெருவைச் சேர்ந்த பள்ளி மாணவி ஒருத்தி கேரம் போட்டியில் மாநில அளவில் வென்று வந்திருக்கிறாள். தெருமுனையில் கட்டுவதற்காகப் பத்துக்கு எட்டு அடியில் ஒரு பேனர் கேட்டிருக்கிறார்கள். அதன் தலையில் ஆங்கிலத்தில் 'குடோஸ்' (kudos) என்று பாராட்டிப் பெரிதாகப் போட்டுத் திரையில் காட்டியபோது, பணம் போடும் பெரியவர்களில் ஒருவர், "ஜெயிச்சது ஒரு பொண்ணுதானேப்பா, எதுக்கு எஸ்ஸு? அதை எடுத்துடு" என்றிருக்கிறார். இன்னொருவர், "எஸ் இல்லாம அந்த வார்த்தையே கிடையாதுண்ணே" என்று மறுத்திருக்கிறார். எஸ்ஸை எடுக்கலாமா, அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள், அது எங்கிருந்து வந்தது, மாணவிக்குப் பயிற்சி கொடுத்த மாஸ்டரின் படத்துக்குக் கீழேயும் அதையே போடலாமா என்பவை தம்பியின் கேள்விகள்.

எஸ்ஸை எடுக்க வேண்டாம். இரண்டாமவர் சொன்னதே சரி. ஆனால் முதலாமவரைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதியில்லை. தங்கசாலைத் தெருவில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்த காலத்தில், ஒரு பள்ளி ஆண்டு மலரில் ஒரே ஒரு மாணவனைப் பாராட்டி எழுதியிருந்த இடத்தில் இதே எஸ்ஸை நானே சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் நீக்கற்குறியும் போட்டு அனுப்பினேன். மலர் அப்படியே அச்சாகிவிட்டது. பள்ளியிலும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து வேறு எதற்கோ அகராதியைப் புரட்டியபோதுதான் நான் வெட்டியது பன்மை விகுதி அன்று, சொல்லின் உடம்பு என்று தெரிந்தது.

குடோஸ் என்பது கிரேக்கச் சொல். அங்கே அது அஃறிணை ஒருமைப் பெயர். கடைசியில் உள்ள 'ஓஸ்' ஒருமைக்கே உரிய ஈறு. அதே இனத்தைச் சேர்ந்த கிரேக்கச் சொற்கள் ஆங்கிலத்தில் இன்னும் சில இருக்கின்றன: குழப்பத்தைக் குறிக்கும் கேயாஸ், அவலச்சுவையைக் குறிக்கும் பேத்தோஸ், ஒரு கூட்டத்தின் பண்பைக் குறிக்கும் ஈத்தோஸ். ஒரு குழப்பம் என்றால் 'கேயா', பல குழப்பம் என்றால் 'கேயாஸ்' என்று எவரும் சொல்வதில்லை. குடோஸுக்கு மட்டும் இந்தக் கதி நேர்ந்ததற்குக் காரணம், அது பாராட்டு என்ற பொருளில் வழங்குவதுதான். பாராட்டுகள், வாழ்த்துகள், நன்றிகள் என்று ஆங்கிலத்தில் இவ்வகைச் சொற்கள் பெரும்பாலும் பன்மையிலேயே வருவதால், இதுவும் அந்த வரிசையில் நிற்கும் பன்மை என்று காது தானாகவே முடிவு செய்துகொள்கிறது. 'குடோஸ் டு' என்று வினைச்சொல் இல்லாமலே பெரும்பாலும் எழுதப்படுவதால், ஒருமையா பன்மையா என்று காட்டிக்கொடுக்கும் 'இஸ்', 'ஆர்' எதுவும் பக்கத்தில் இருப்பதில்லை.

ஆங்கிலேயர்களுக்கு இது புதிய தவறும் அன்று. பட்டாணிக்கு அவர்களுடைய பழைய சொல் 'பீஸ்'. அதுவே ஒருமை. கடைசி ஒலியைப் பன்மை என்று எண்ணி வெட்டியதால் 'பீ' பிறந்தது. பிரெஞ்சு வழியாக வந்த 'செரீஸ்' என்ற பழத்தின் பெயரும் அப்படியே வாலை இழந்து 'செர்ரி' ஆனது. இன்று பட்டாணியையும் செர்ரியையும் பிழை என்று எவரும் திருத்துவதில்லை. 'குடோ' என்ற வெட்டுண்ட வடிவம் 1940களில் அமெரிக்க எழுத்தில் தலைகாட்டியது. மெரியம் வெப்ஸ்டர் அகராதி அதற்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறது. அகராதியில் இடம் இருப்பதும், பார்த்தவர் முகம் சுளிக்காமல் இருப்பதும் வேறு வேறு. நூறு ஆண்டு கழித்து அது பட்டாணியைப் போல நிலைத்துவிடலாம். இந்த பேனர் இந்த மாதம் கட்டப்போவது என்பதால் எஸ் இருக்கட்டும்.

இதில் தமிழ் நாக்கின் போக்கு நேர் எதிர் என்பது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். நாம் ஆங்கிலத்தின் உண்மையான பன்மை எஸ்ஸைக்கூட ஒருமையாகவே எடுத்துக்கொள்வோம். 'ஒரு சிப்ஸ் குடு', 'அந்த நோட்ஸைக் கொண்டா', 'ஷூஸ் ஒண்ணு காணோம்' என்கிறோம். பன்மை வேண்டுமென்றால் அதன் மேலேயே 'கள்' ஒட்டுகிறோம். கடையில் நடந்த வழக்கில் எஸ்ஸை வெட்டச் சொன்னவர் ஆங்கில இலக்கணத்தை அரைகுறையாகவேனும் படித்தவராகத்தான் இருக்க வேண்டும். படிக்காதவர் 'குடோஸு' என்று ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொண்டு சரியாகவே சொல்லியிருப்பார்.

பொருளுக்கு வருவோம். இந்தச் சொல்லை நாம் இன்று 'பாராட்டு' என்று பெயர்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது கடைசியாக வந்து ஒட்டிக்கொண்ட பொருள். பண்டைக் கிரேக்கக் கவி ஹோமரின் போர்க்காவியமான இலியத்தில் இச்சொல் அடிக்கடி வருகிறது. அங்கே அது மற்றவர் வாயிலிருந்து வருவது அன்று. போரின் நடுவே ஒரு வீரன்மேல் வந்து இறங்குவது. தெய்வங்களான சீயஸ் கொடுக்கிறார், அத்தீனா கொடுக்கிறாள். ஒருவனிடமிருந்து எடுத்து மற்றொருவனிடம் கொடுப்பதும் உண்டு. அது கிடைத்தவன் அந்தக் கணத்தில் எதிர்க்க முடியாதவன் ஆகிவிடுகிறான். பெரும்பாலான மொழிபெயர்ப்பாளர்கள் இதைப் 'பெருமை' என்ற பொருளில் பெயர்த்துக்கொண்டிருக்க, பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வனிஸ்ட் 1969இல் வெளியான தம் நூலில், இது வெறும் பெருமை அன்று, வெற்றியை உறுதி செய்கிற ஒருவகை மந்திர மேலாண்மை, தெய்வம் கொடுக்கும் தாயத்து போன்றது என்று வாதிட்டார். ஸ்லாவிய மொழிகளில் அற்புதத்தைக் குறிக்கும் 'சூதோ' என்ற சொல்லையும் இதற்கு உறவாக மொழியியலாளர்கள் ஒப்பிடுவது உண்டு. அந்த உறவு சரியென்றால் பென்வனிஸ்டின் வாதத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

இரண்டு இடங்களைச் சொன்னால் பொருள் விளங்கும். இலியத்தின் 22ஆம் காண்டத்தில், திராய் நகரின் மதிலைச் சுற்றி, அந்நகரத்து வீரன் ஹெக்டரைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான் கிரேக்க வீரன் அகிலஸ். சுற்றி நிற்பது அவனுடைய படை. யாராவது ஓர் ஈட்டியை எறிந்தால் வேலை முடிந்துவிடும். ஆனால் அவன் ஓடிக்கொண்டே தலையை அசைத்து, எறியாதீர்கள் என்று தடுக்கிறான். காரணத்தை ஹோமரே சொல்லிவிடுகிறார்: வேறொருவன் எறிந்து குடோஸை எடுத்துக்கொண்டால் தான் இரண்டாமவனாகிவிடுவோமே என்பதுதான். கேரம் ஆடுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இரட்டையர் ஆட்டத்தில் 'ரெட்' என்கிற சிவப்புக் காயையும் அதைத் தொடர்ந்து போட வேண்டிய 'ஃபாலோ' காயையும் தானே போட்டு முடிக்கத் துடிக்கிற ஆளை வண்ணாரப்பேட்டையின் எந்தக் கேரம் கிளப்பிலும் பார்க்கலாம். குடோஸ் பங்கு போட முடியாதது, அதனால் அது ஒருமை. இலக்கணத்தைவிட இந்தக் காட்சி அதை நன்றாகச் சொல்கிறது. (தெருமுனை பேனர்களில் ஒரு காயைக்கூடத் தொடாதவர்களின் படங்கள் வென்ற பிள்ளையின் படத்தைவிடப் பெரிதாக இருப்பதை அகிலஸ் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பான் என்று நான் யோசித்ததுண்டு.)

மற்றோர் இடம் முதற்காண்டத்தில் வருகிறது. கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானோடு சண்டை மூளும் வேளையில் அகிலஸ் அவனை விளிக்கிறான்: மற்ற எவரையும்விடக் குடோஸ் மிக்கவனே, மற்ற எவரையும்விடப் பொருளாசை பிடித்தவனே என்று. ஒரே வரியில் பட்டமும் வசையும். வஞ்சப்புகழ்ச்சி நமக்கு மட்டும் உரிய அணி என்று நினைக்க வேண்டியதில்லை.

ஹோமரிடம் புகழுக்கு இன்னொரு சொல்லும் உண்டு: 'கிளேயோஸ்'. தமிழர் கவனிக்க வேண்டியது உண்மையில் இதைத்தான். இது கேட்டல் என்னும் வினையின் அடியாகப் பிறந்தது. ஒருவன் செய்ததைப் பிறர் பாடவும் பேசவும், அதை மற்றவர்கள் செவியால் கேட்பதுதான் கிளேயோஸ். வேதத்தில் வரும் 'சிரவஸ்' என்ற சொல்லும் இதே வேரினது. அழியாப் புகழ் என்ற பொருளில் ஹோமரிலும் வேதத்திலும் வருகிற இரு தொடர்கள் சொல்லுக்குச் சொல் ஒத்திருப்பதை ஜெர்மானிய அறிஞர் அடால்பர்ட் கூன் 1853இலேயே சுட்டிக்காட்டினார். வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட 'கீர்த்தி'யும் 'கீர்த்தனை'யும் எடுத்துச் சொல்லுதல் என்ற ஒரே வேரைச் சேர்ந்தவைதாம்.

தமிழ், கிரேக்கமும் வடமொழியும் சேர்ந்த அந்தக் குடும்பத்து மொழி அன்று. ஆயினும் தானாகவே அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நமக்கு 'இசை' என்றால் ஒலி, 'இசை' என்றால் புகழ். "ஈதல் இசைபட வாழ்தல்" என்று வள்ளுவர் சொல்லும்போது பாட்டைப் பற்றிச் சொல்லவில்லை. ஊரார் வாயில் நம் பெயர் ஒலிக்கும்படி வாழ்வதைத்தான் சொல்கிறார். அதற்கு எதிர்ச்சொல்லாக அதே அதிகாரத்தில் அவர் வைப்பது 'வசை', அதுவும் வாயிலிருந்து வருவதே. ராஜராஜன் காலம் முதல் சோழக் கல்வெட்டுகளின் தலைப்பில் வெட்டப்பட்ட, மன்னன் புகழ் பாடும் மெய்க்கீர்த்தியும் இந்த வகையில் சேரும். பேனர் அச்சிடும் தம்பி செய்துகொண்டிருப்பது அந்தத் தொழிலின் பதினோராம் தலைமுறையோ முப்பதாம் தலைமுறையோ என்று எண்ணிக்கொள்ளலாம். மழையில் நிறம் போகும் என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

ஆக, பிறர் சொல்லக் கேட்பது கிளேயோஸ், அது நம் இசை. வென்றவன் உடம்பிலேயே தங்குவது குடோஸ். இதற்குப் பழந்தமிழில் நெருங்கியவை விறல், வாகை போன்றவை. வாகையைச் சூடுவோம், பிறருக்குச் 'சொல்ல' மாட்டோம். இன்றைய வடசென்னைப் பேச்சில் நிகரைத் தேடினால் எனக்குத் தோன்றுவது ஒன்றே: கெத்து. அவனுக்கு ஒரு கெத்து இருக்கிறது, அந்த ஆட்டத்தோடு அவள் கெத்து ஏறிவிட்டது, அவனிடம் தோற்றதில் இவன் கெத்து போய்விட்டது என்று சொல்கிறோம். ஏறுகிறது, இறங்குகிறது, ஒருவரிடமிருந்து மற்றவரிடம் போகிறது, எண்ண முடியாது, பன்மை கிடையாது. 'ரெண்டு கெத்து' என்று எவராவது சொன்னால் சிரிப்போம். ஹோமரின் சொல் நடந்துகொள்கிற விதத்தில் இது அப்படியே நடந்துகொள்கிறது.

இது அகராதிக்கு வெளியே நான் விளையாட்டாகக் கட்டிய ஒப்புமை மட்டும் அன்று. ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் நுழைந்ததும் கெத்து நுழைகிற வழியில்தான், அதாவது மாணவர் பேச்சாக. கிரேக்கமும் லத்தீனும் கட்டாயமாகப் படித்த ஆங்கிலப் பல்கலைக்கழக மாணவர்கள் பாடப்புத்தகத்தில் உள்ள கம்பீரமான சொல்லை எடுத்துத் தங்களுக்குள் கேலியும் பெருமையுமாக வழங்கினார்கள். ராபர்ட் சதே என்ற கவிஞர் 1799இலேயே இதை வினைச்சொல்லாக்கி, ஒருவரை லத்தீனில் போற்றினார்கள், கிரேக்கத்தில் 'குடோஸ்' செய்தார்கள் என்று வேடிக்கையாக எழுதியிருக்கிறார். பெயர்ச்சொல்லாக 1831 முதல் அச்சில் காட்டப்படுகிறது. பிறகு பள்ளி, கல்லூரிகளைவிட்டு வெளியே வந்து, படித்தவர்களின் கடிதங்களில் புழங்கத் தொடங்கியது.

அவற்றில் மெய்ப்புத் திருத்துபவனான எனக்குப் பிடித்தது சார்லஸ் டார்வின் 1859இல் எழுதிய ஒரு கடிதம். உயிரினங்களின் தோற்றம் பற்றிய அவருடைய நூல் அந்த ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. அதற்கு முன்பே, திருத்தம் முடிந்து அச்சான தாள்களாகப் பாதி நூலை நிலவியல் அறிஞர் லயல் படித்துவிட்டதாகவும், அவர் தமக்கு மிகப் பெரிய குடோஸ் கொடுப்பதாகவும் டார்வின் குறிப்பிடுகிறார். கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர், சொல்லில் எஸ் இருக்கிறது. கடையில் வழக்காடுகிறவர்களுக்கு வேறு சாட்சி தேவையில்லை. அதோடு, கொடுக்கிற பொருளும் இந்த வாக்கியத்தில் மாறத் தொடங்கியிருப்பதைப் பார்க்கலாம். சீயஸ் இருந்த இடத்தில் இப்போது ஒரு நண்பர் இருக்கிறார். அவர் கொடுப்பது வெற்றியை அன்று, நல்ல வார்த்தையை.

அட்லாண்டிக்கைத் தாண்டியதும் இந்த மாற்றம் முழுமையானது. அமெரிக்காவின் டைம் இதழ் 1920களில், பல்கலைக்கழகங்கள் வழங்கும் கௌரவப் பட்டங்களின் பட்டியலுக்கு இச்சொல்லைத் தலைப்பாக்கிப் பரப்பியது. பட்டியல் என்றாலே பல பேர், பல பட்டங்கள். கிரேக்கம் படிக்காத வாசகர் அதைப் பன்மை என்று எடுத்துக்கொண்டதில் வியப்பில்லை. 1920களிலேயே பன்மை வினையோடு அது வரத் தொடங்கியது, கால் நூற்றாண்டுக்குள் 'குடோ'வும் பிறந்தது. பிரிட்டிஷார் 'கியூடாஸ்' என்று 'ஸ்' ஒலியில் முடிக்கிறார்கள். அமெரிக்கர் பலர் 'கூடோ' என்று நீட்டிக் கடைசியில் வண்டு ரீங்கரிப்பது போன்ற ஒலியில் முடிக்கிறார்கள், அதுவும் ஆங்கிலப் பன்மை ஒலிக்கும் விதமே என்பதால் மயக்கம் இன்னும் கூடிவிட்டது. தமிழில் அந்த ரீங்காரம் இல்லாததால் நமக்கு இந்தத் தொல்லை இல்லை.

இன்றும் பொருளில் இந்த இரு கரைகளின் வேறுபாடு தெரிகிறது. ஒரு வேலையில் 'குடோஸ் இருக்கிறது' என்று பிரிட்டிஷார் சொன்னால், அதைச் செய்வதால் நாலு பேர் மத்தியில் மதிப்புக் கூடும் என்று பொருள். அமெரிக்க வழக்கில் 'இன்னாருக்குக் குடோஸ்' என்றால் இன்னாருக்குப் பாராட்டு, அவ்வளவுதான். இங்கே அலுவலக மின்னஞ்சல் வழியாக நமக்கு வந்து சேர்ந்தது இரண்டாவது. புகழ் என்ற நம் சொல்லே இந்த இரண்டையும் சுமக்கிறது என்பதால் இந்த நகர்வு நமக்குப் புதிராக இருக்க வேண்டியதில்லை. பெயர்ச்சொல்லாக நின்றால் அது ஒருவரிடம் இருப்பது, வினையாக நின்றால் மற்றவர் செய்வது.

பாராட்டைக் குறிக்கும் பிற சொற்களை நான் இங்கே விரிக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதுவும் வால் அறுந்த கதை. கைதட்டலைக் குறிக்கும் 'பிளாடிட்' என்ற ஆங்கிலச் சொல், நாடகம் முடிந்ததும் ரோமானிய நடிகர்கள் பார்வையாளரை நோக்கிச் சொன்ன 'பிளாவுதித்தே', அதாவது 'கைதட்டுங்கள்', என்ற ஏவலிலிருந்து வந்தது. கடைசி உயிரை ஒலிக்காத எழுத்தென்று ஆங்கிலேயர்கள் விட்டுவிட்டார்கள். நம் சபாஷும் பாரசீகத்தில் 'மகிழ்ந்திரு' என்ற ஏவல்தான்.

இனி மாஸ்டரின் படத்துக்கு. அவருக்கு இந்தச் சொல் வேண்டாம் என்பது என் கருத்து. ஆங்கிலத்தில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அதில் இன்றும் சமமானவர்கள் தோளில் தட்டிக்கொள்கிற தொனியோ, மேலிருப்பவர் கீழிருப்பவரைத் தட்டிக்கொடுக்கிற தொனியோதான் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைகளாகப் பிடித்துவந்து, ஸ்ட்ரைக்கரை எந்த விரலால் தள்ளுவது என்பதிலிருந்து சொல்லிக்கொடுத்தவரை, அந்தப் பிள்ளைகளின் பெயரால் கட்டுகிற பேனரில் தட்டிக்கொடுப்பது நன்றாக இராது. அதற்கு நம் பேனர்காரர்களே ஒரு வரி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்: 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்'. தேய்ந்த வரிதான், ஆனால் இந்த இடத்துக்கு அளந்து தைத்தது.

அச்சுக்கு அனுப்பும் முன் இன்னும் இரண்டு. சிலர் எஸ்ஸுக்கு முன் மேலே ஒரு காற்புள்ளி தொங்கவிடுவார்கள். அது 'குடோவினுடைய' என்று ஆகிவிடும், அதை வைக்க வேண்டாம். பேனரில் வினைச்சொல் போட்டு முழு வாக்கியமாக எழுதுவதானால் 'இஸ்' போடுங்கள், 'ஆர்' வேண்டாம். ஆங்கிலச் சொல்லைக் கண்டு சண்டை மறுபடி கிளம்பும் என்று பயந்தால் அதை முழுதாக எடுத்துவிட்டு, மாணவியின் படத்துக்கு மேல் 'கொருக்குப்பேட்டையின் கெத்து' என்று தமிழில் போடுங்கள். ஹோமர் சொன்ன பொருளுக்கு அதுதான் இன்னும் பக்கத்தில் இருக்கிறது, அதில் வெட்டுவதற்கு எஸ்ஸும் இல்லை.